எதிர்காலம் உணர்த்தும் நிகழ்காலம்

சீடன்: ஐயா, 1930 ஜூன் 1 முதல் ஓடும் டெக்கான் குவீன் நாளைக் காலை 7.15 மணிக்குப் புனேயிலிருந்து மும்பைக்குப் புறப்படும் என்பதைச் சொல்ல, ஆங்கிலத்தார் 'வில் லீவ்' என்னாது பெரும்பாலும் 'லீவ்ஸ்' என நிகழ்கால வினையையே ஆளுகின்றனர். நிகழாததை நிகழ்வதாகக் கூறுதல் வழுவன்றோ?

குரு: வழுவே ஆயினும் காரணம் பற்றி ஏற்கப்படுவது; இதனை வழுவமைதி என்பர். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கால் காலம் மயங்கி வரலாம் என்பது நன்னூலார் கொள்கை. வடமொழி இலக்கணம் செய்த பாணினியோ, நிகழ்காலத்தை அடுத்துள்ள எதிர்காலத்துக்கும் நிகழ்கால விகுதி வரலாம் என 3.3.131ஆம் சூத்திரத்தில் விதித்தார். எப்போது போவாய் என்றவருக்கு 'இதோ போகிறேன்' என்பது உரைகாரர் காட்டும் சான்று.

சீடன்: அண்மையே காரணமெனில், ஆறு திங்கள் கழித்துத் தொடங்கும் கல்லூரிப் பருவத்துக்கும் 'பிகின்ஸ்' என்பது எவ்வாறு பொருந்தும்?

குரு: அண்மை என்னும் காரணம் அங்குப் பொருந்தாது; ஆங்கிலத்துக்கு அது போதாது, நன்னூலாரின் தெளிவே வேண்டும். நாளை மழை பெய்யும் என்பதற்கு 'ரெயின்ஸ்' என்பது வழுவாகவும், நாளைக் கதிரவன் 6.05க்கு உதிக்கும் என்பதற்கு 'ரைசஸ்' என்பது இயல்பாகவும் நிற்பதன் காரணம், உதயம் பஞ்சாங்கத்தில் இன்றே குறிக்கப்பட்டிருக்க மழை எதிலும் குறிக்கப்படாமையே.

சீடன்: 'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ' என மழைக்கும் வருகிறதே?

குரு: அது நிபந்தனைத் தொடரின் விதி, இங்கு வேண்டுவதன்று.

சீடன்: மழைக்காலத்தில் அவ்வண்டி செல்லும் கண்டாலா மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி ரத்தானால், 'லீவ்ஸ்' என முந்தைய நாள் கூறியது பொய்யாகாதோ?

குரு: இதுவே உண்மையான தடை. வண்டி புறப்படுதல் நாளைக்கு உரியது. அதனைப் புறப்படுவிக்கும் கால அட்டவணையோ இன்றே நிலையத்தில் நிலைபெற்றுள்ளது. வினைச்சொல் அட்டவணையைப் பற்றியே நிகழ்காலம் பெற்றமையால், மறுநாள் தண்டவாளத்தில் மண் விழுந்தது முந்தைய நாளின் அட்டவணையை இல்லையாக்காது. 'ஷி இஸ் மீட்டிங் த டாக்டர் டுமாரோ' என்னும் தொடர்வினையும் இவ்வாறே. மருத்துவரிடம் இன்று பெற்றுள்ள நேரமே அதற்கு அட்டவணை. சந்திப்பதாக மனத்தில் மட்டும் எண்ணியிருப்பவள் 'கோயிங் டு மீட்' என்றே கூறுவாள். தமிழும் மராத்தியும் இவ்வளவு இறுக்கம் பாராட்டுவதில்லை. புனேயில் விடைபெறும் ஆடவர் 'யேதோ' என்பதும், பெண்டிர் 'யேதே' என்பதும், தமிழர் 'வருகிறேன்' என்பதும் எந்த நாளையும் நேரத்தையும் குறியாமல், சொல்பவர் நெஞ்சில் அக்கணம் உள்ள உறுதியை மட்டுமே பற்றி நிற்கின்றன. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குபவர் வருவதாகச் சொல்ல, வாசலில் நிற்பவர் 'எப்போது' எனக் கேட்பதில்லை.