அடித்தது யார்?

ஒரு ஜெர்மன் வாக்கியம்: 'டாஸ் இஸ்ட் டீ ஃப்ராவ், டீ டீ மென்னர் கெஷ்லாகன் ஹாட்.' அந்த ஆண்களை அடித்த பெண் இவள்தான் என்று பொருள். கடைசியில் இருக்கும் 'ஹாட்'டை எடுத்துவிட்டு 'ஹாபன்' என்று வையுங்கள். இப்போது அந்த ஆண்கள்தான் இவளை அடித்திருக்கிறார்கள். வேறு ஒரு சொல்லும் மாறவில்லை. 'ஹாட்' ஒருமை, 'ஹாபன்' பன்மை, அவ்வளவுதான்.

ஜெர்மனில் ஆண்பால் ஒருமைக்கு மட்டும்தான் செய்பவருக்கு 'டேர்', செய்யப்படுபவருக்கு 'டேன்' என்று முன்னொட்டு மாறும். பெண்பால், நடுப்பால், பன்மை மூன்றிலும் இரண்டுக்கும் ஒரே சொல். நம்முடைய 'ஐ' உருபு போல அங்கே உதவிக்கு எதுவும் வராது. அதற்காக நாம் ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம். 'அடித்த பெண்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அவள் அடித்தாளா, அடிவாங்கினாளா?

ஜெர்மன்காரர்கள் கடைசிச் சொல் வரும்வரை தீர்ப்பைத் தள்ளிவைக்கிறார்களா என்றால், இல்லை. மெக்லிங்கர், ஃப்ரீடரிச்சி முதலியோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், இதே மாதிரி வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். படிப்பவர்கள் முதலில் வரும் ஆளையே செய்பவராக எடுத்துக்கொள்கிறார்கள். கடைசிச் சொல் அதற்கு எதிராக வரும்போது, வேகமாகப் புரிந்துகொள்பவர்களிடம் சுமார் 350 மில்லிவினாடிக்குள் அலை மாறுகிறது. ஒரு கதையை மனம் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டது, இப்போது அழித்து எழுதுகிறது.

இதை அவசரபுத்தி என்று திட்டலாமா? எனக்கு மனசு வரவில்லை. இரண்டு கதைகளையும் சமமாகத் தூக்கிக்கொண்டு வாக்கியத்தின் முடிவுவரை நடக்க மனித நினைவாற்றலுக்குத் தெம்பில்லை. முன்கூட்டி முடிவெடுக்காதவனுக்குப் பேச்சே புரியாது. ஆகவே 'தீர ஆராய்ந்த பிறகே முடிவெடு' என்ற அறிவுரை, வாக்கியத்தைப் பொறுத்தவரை நடக்காத காரியம்.

எனக்குப் பிரச்சினையாகப் படுவது அழித்து எழுதும் வேலைதான். 2001-இல் கிறிஸ்டியான்சன், ஃபெரேரா முதலியோர் ஆங்கிலத்தில் ஒன்றைச் சோதித்தார்கள். ஒருவன் வேட்டையாடிக்கொண்டிருந்தபோது மான் காட்டுக்குள் ஓடியது என்ற வாக்கியம். நடுவில் காற்புள்ளி இல்லாததால், முதலில் அவன் அந்த மானையே வேட்டையாடியதாகத் தோன்றும். கடைசியில் மான் ஓடியது என்று எல்லாருக்கும் புரிகிறது. ஆனாலும் 'அவன் மானை வேட்டையாடினானா?' என்று கேட்டால் பலர் ஆமாம் என்கிறார்கள். திருத்தம் உள்ளே போய்விட்டது, பழைய கதை வெளியே போகவில்லை.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு சம்பவ அறிக்கை வந்தது. முதல் வரியில் வங்காளதேசத்து ஆப்பரேட்டர் ஒருவரின் பெயர். லைன் நின்றபோது அவர் பக்கத்தில் இருந்தார், அதனால் பெயர் வந்தது. இரண்டாம் பக்கத்தில் காரணம் தெளிவாகவே இருந்தது: சென்சார் பழுது. எல்லாரும் இரண்டாம் பக்கத்தையும் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் கேண்டீனில் அவர் 'லைன நிறுத்துனவன்'தான். யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டால், சென்சார் கதையையும் சரியாகச் சொல்வார்கள்.

கடைசிச் சொல்லும் காப்பாற்றாத வாக்கியங்கள் உண்டு. 'டாஸ் இஸ்ட் டீ ஃப்ராவ், டீ டாஸ் மேட்ஷன் கெஷ்லாகன் ஹாட்.' ஒரு பெண், ஒரு சிறுமி. இரண்டும் ஒருமை என்பதால் 'ஹாட்' எதையும் தீர்ப்பதில்லை. இலக்கணப்படி யார் யாரை வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். சொல்பவர் நினைத்தால் செயப்பாட்டு வினையில் சொல்லிக் குழப்பத்தைத் தவிர்த்துவிடலாம். கேட்பவருக்கு இருப்பது ஒரே வழி, திருப்பிக் கேட்பது. ஆனால் சந்தேகம் வந்தால்தானே கேட்பார்? பெண் சிறுமியை அடித்தாள் என்று வாக்கியம் அவ்வளவு சுலபமாக ஓடி முடிந்துவிடுகிறது. அதே சொற்களுக்குள் அடிவாங்கிய அந்தப் பெண், யாரும் கேட்காமல் அங்கேயே நிற்கிறாள்.