எல்லைக்கல்லும் ஈமானும்

வயலும் மனையும் உள்ள ஊரில் வரப்புத் தகராறு இல்லாமல் இராது. உழவுக்கு உழவு வரப்பின் ஓரத்தை ஒரு மண்வெட்டி அளவு வெட்டிக்கொண்டே போவார் ஒருவர். வேலியைப் பிரித்துக் கட்டும்போது ஒரு சாண் தள்ளி முள் நடுவார் இன்னொருவர். பக்கத்து நிலக்காரர் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்துவிடுவார். அவருடைய மகனுக்கு அது தெரியவே தெரியாது. பேரன் காலத்தில் மனை விற்பனைக்கு வரும். சர்வேயர் வந்து அளப்பார். அன்றுதான் விஷயம் வெளியாகும். அதற்குள் வெட்டியவரும் இல்லை, வாய் மூடியிருந்தவரும் இல்லை. சண்டை மட்டும் வாரிசுகளுக்குச் சொத்தாக நிற்கின்றது.

அந்த நிலம் சட்டப்படி யாருக்கு என்பதைத் தாசில்தாரும் நீதிமன்றமும் சொல்லட்டும். ஈமான் கொண்ட ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. நானும் என் தகப்பனாரும் நாற்பது வருடமாக அனுபவித்து வந்த துண்டு நிலம் பக்கத்து வீட்டாருடையது என்று பழைய பதிவேடு காட்டிவிட்டால், நான் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கின்றேன்? நான் அபகரிக்கவில்லையே, எனக்கு வந்ததை வைத்திருந்தேன், அவ்வளவுதானே?

பதிவேடு என்பது என்ன?

நிலத்தை அளந்து எழுதி வைப்பது நமக்குப் புதியதல்ல. ஈராக்கின் ஸவாது நிலப்பகுதி முஸ்லிம்களிடம் வந்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உஸ்மான் பின் ஹுனைஃப் (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரையும் அனுப்பி அளக்கச் செய்தார்கள். 3 கோடியே 60 லட்சம் ஜரீப் என்று கணக்கு வந்ததாக இமாம் அபூயூசுஃப் அவர்களின் ‘கிதாபுல் கராஜ்’ கூறுகின்றது.

நம் பக்கத்தில், சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவர் 1794இல் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சென்னை மாகாணக் கிராமங்களைப் புலம் புலமாக அளக்கும் பெரிய வேலை 1858இல் ஆரம்பமாயிற்று. 66 அடி நீளமுள்ள சங்கிலியைப் பிடித்து அளந்தார்கள். அதில் 100 கண்ணிகள். சங்கிலிக்குச் சங்கிலி சதுரம் 10 சென்ட். அப்படிப் பத்துச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஒவ்வொரு புலத்துக்கும் சர்வே எண் கொடுத்து, திருப்பங்களில் கல் நட்டு, கல்லுக்குக் கல் உள்ள தூரத்தைப் புலப்படத்தில் குறித்தார்கள். எந்த எண்ணில் எவ்வளவு பரப்பு, யார் பெயரில் என்பதை ‘அ’ பதிவேட்டில் எழுதினார்கள்.

இந்த முறையில் ஒரு நன்மை உண்டு. ஒரு மூலைக்கல்லை யாரேனும் இரவோடு இரவாகப் பிடுங்கிப் போட்டாலும், மற்றக் கற்கள் இருந்தால் போதும். அவற்றிலிருந்து புலப்படத்திலுள்ள தூரங்களை அளந்து வந்தால், காணாமற்போன கல் நின்ற இடம் தெரிந்துவிடும். எல்லை கல்லில் மட்டும் இல்லை, எண்களிலும் இருக்கின்றது. நில அடையாளங்களை மாற்றுபவனை அல்லாஹ் சபிப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

ஆனால் பதிவேட்டை வேதமாக்கிவிடவும் கூடாது. அதுவும் மனிதர் எழுதியதே. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடுகளைத் திருத்தி எழுதிய திட்டத்தை, யூ.டி.ஆர். என்று கிராமத்தார் சொல்வார்கள். அதில் பெயர் மாறியும் பரப்பு மாறியும் பதிவான இடங்கள் பல. ஆகையால்தான் தகராறு வந்தால் அதற்கு முந்திய ‘அ’ பதிவேட்டையும், பழைய புலப்படத்தையும், மூலப்பத்திரத்தில் எழுதியுள்ள நான்கெல்லையையும் எடுத்து ஒத்துப் பார்க்கச் சொல்கின்றார்கள். சண்டை பிறப்பதற்கு முன் எழுதப்பட்டது என்பதே பழைய ஏட்டின் பலம். பட்டா மட்டும் உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்களும் பலமுறை கூறியிருக்கின்றன. நில அளவை, எல்லைகள் பற்றிய 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி, அளவை முடிந்ததாக அறிவித்தபின் எல்லையை மாற்றக் கோருபவர் 3 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அறியாமை நீங்கும் நாள்

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு நில வழக்கு வந்தது. ஹள்ரமவ்த்தைச் சேர்ந்த ஒருவரும் கிந்தா கோத்திரத்தைச் சேர்ந்த ஒருவரும் யமன் நாட்டு நிலம் ஒன்றைக் குறித்து வழக்காடினார்கள். இவருடைய தகப்பனார் என் நிலத்தை அபகரித்துக்கொண்டார், இப்போது அது இவர் கையில் இருக்கின்றது என்றார் முன்னவர். ஆதாரம் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றார். பிரதிவாதி சத்தியம் செய்ய வேண்டும் என்ற நிலை வந்தது. அப்போது வாதி எதன்மேல் சத்தியம் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். நீ அபகரிக்கவில்லை என்று சத்தியம் செய் என்று கேட்கவில்லை. இது என் நிலம் என்பதும், உன் தகப்பனார் இதை அபகரித்தார் என்பதும் உனக்குத் தெரியாது என்று சத்தியம் செய் என்றார்.

கிந்தாக்காரர் சத்தியத்துக்குத் தயாரானார். பொய்ச் சத்தியத்தால் பிறர் பொருளை எடுத்துக்கொள்பவன் மறுமையில் கேடுற்ற நிலையில் அல்லாஹ்வைச் சந்திப்பான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அவ்வளவுதான், இது அவருடைய நிலமே என்று கிந்தாக்காரர் ஒப்புக்கொண்டார். அபூதாவூத் நூலில் வரும் செய்தி இது.

நம் கேள்விக்கு விடை இதில் இருக்கின்றது. தகப்பன் செய்த அபகரிப்பின் பாவத்தை மகன் சுமப்பதில்லை. ஆனால் பிறருடையது என்று தெரிந்தபின் அதை வைத்திருப்பது மகனுடைய சொந்தச் செயல். தெரியாதவரை அவனுக்குச் சாக்கு உண்டு. பழைய ஏடு செய்வது இந்தச் சாக்கை நீக்குவதுதான். ஏடுகளை ஒத்துப் பார்த்து, இரு தரப்பாரும் நிற்க அளந்து, கோடு எங்கே போகின்றது என்று மனம் ஒப்பும்படி தெரிந்துவிட்ட அந்த நிமிடம், நாம் வாரிசு என்ற நிலையிலிருந்து பொறுப்பாளி என்ற நிலைக்கு வந்துவிடுகின்றோம். எங்கள் வாப்பா காலத்திலிருந்தே இப்படித்தான் என்ற பேச்சு அதன்பின் செல்லாது.

காலம் கடந்தால் ஹக்கு போகுமா?

இங்கேதான் பலர் சட்டத்தைத் துணைக்கு அழைக்கின்றார்கள். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவருடைய நிலத்தை அவருக்கு எதிராக, பகிரங்கமாகவும் தொடர்ச்சியாகவும் 12 ஆண்டுகள் அனுபவித்து வந்தால், அதை மீட்கும் உரிமை அவருக்கு அற்றுப்போகும். எங்களுக்குப் பன்னிரண்டு என்ன, நாற்பது வருட அனுபோகம் உண்டு என்று மார்தட்டுகின்றார்கள்.

காலவரையறை நம் ஃபிக்ஹு அறியாததல்ல. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்ற ஹனஃபீ சட்டத்தொகுப்பை எடுத்துப் பாருங்கள். 15 ஆண்டுகள் கேட்காமல் விட்ட வழக்குகளைக் காழி விசாரிக்க மாட்டார் என்று அதன் 1660ஆம் பிரிவு கூறுகின்றது. அதே நூலின் 1674ஆம் பிரிவோ, காலம் கடந்ததால் ஹக்கு அழிவதில்லை என்கின்றது. ஆகவே எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும், பிரதிவாதி காழியின் முன் உண்மையை ஒப்புக்கொண்டால் வாதியின் பக்கமே தீர்ப்பாகும்.

இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் உள்ள இடம்தான் ஈமானுக்குரிய இடம். பழைய வழக்குகளுக்குச் சாட்சிகள் இறந்துபோவார்கள், பொய் பெருகும் என்பதால் நீதிமன்றம் கதவை மூடுகின்றது. அது நீதிமன்றத்தின் வசதிக்காக. மூடிய கதவு, உள்ளே இருப்பதை நமக்கு ஹலாலாக்குவதில்லை.

தீர்ப்பு நம் பக்கமே இருந்தாலும் இதே கணக்குத்தான். தாமும் மனிதரே என்றும், வழக்காடுபவர்களில் ஒருவர் வாதத் திறமை மிகுந்தவராக இருக்கலாம் என்றும், கேட்டதை வைத்துத் தாம் ஒருவருக்கு அவருடைய சகோதரனின் உரிமையைத் தீர்ப்பளித்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டே என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால் சர்வேயரின் கோடு ஆக்கிவிடுமா? உதாரணமாக, நம் தகப்பனார் ஓரத்து நிலத்தைத் தம் தம்பிக்கு வாய்மொழியாக ஹிபா கொடுத்து, கையில் ஒப்படைத்தும்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் அது ஏறவில்லை. இன்று அளந்தால் கோடு நம் பக்கம்தான் விழும். ஆனால் ஒப்படைத்தது நமக்குத் தெரியும். அப்போது ஏடு நமக்குச் சாதகமாயிருப்பதே நமக்குச் சோதனை.

பள்ளிவாசலுக்கும் அதே கோல்

பொது நன்மைக்காக என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளிவாசல் கட்டத் தேர்ந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுடையது. இலவசமாகத் தருகின்றோம் என்று அவர்கள் சொல்லியும், விலை கொடுத்தே வாங்கினார்கள். பறித்த இடத்தில் தொழுதால் தொழுகை நிறைவேறிவிடும், பாவம் நிற்கும் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம். மதில் சுவரைப் பக்கத்து மனைக்குள் ஒரு முழம் தள்ளிக் கட்டும் நிர்வாகிகளுக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டியதில்லை. அவ்வாறே வக்ஃபு நிலத்தை அண்டை வீட்டார் அமுக்கியிருந்தால், பெருந்தன்மை என்று முத்தவல்லி அதை விட்டுக்கொடுக்கவும் முடியாது. அது அவருடைய சொத்தல்ல.

சுல்ஹு செய்யும் முறை

இனி வழி என்ன? எல்லாத் தகராறுக்கும் ஏடு விடை தராது. கல்லும் போய், படமும் கிழிந்து, சாட்சியும் இல்லாத வழக்குகள் உண்டு. பழைய வாரிசுச் சொத்தைப் பற்றி ஆதாரம் எதுவுமில்லாமல் நாயகத்திடம் வந்த இருவர், மேலே சொன்ன நெருப்புத்துண்டு எச்சரிக்கையைக் கேட்டதும் அழுதுவிட்டார்கள். என் பங்கு உமக்கே என்று ஒவ்வொருவரும் மற்றவரிடம் சொன்னார். அப்படியானால் நியாயத்தை நாடிப் பங்கிட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள் என்று வழி காட்டினார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. முதலில் உண்மையைத் தேட முடிந்தவரை தேடுவது, எஞ்சியதைச் சமமாக்குவது, கடைசியில் மன்னிப்பது என்ற வரிசை இதில் அமைந்திருக்கின்றது. தேடாமலே மன்னிக்கச் சொல்லி எளியவரை நெருக்குவது சுல்ஹு ஆகாது. ஜமாஅத்தார் இதைக் கவனிக்க வேண்டும்.

கோடு தெரிந்தபின் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், விலை கொடுத்து வாங்கலாம், வேறிடத்தில் மாற்றிக்கொள்ளலாம், உரியவர் மனமொப்பி விட்டுத் தரலாம். ஆனால் உரியவர்களில் பருவமடையாத பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய பங்கை மன்னிக்கப் பெரியவர்களுக்கு அதிகாரமில்லை. கட்டிக்கொடுத்த சகோதரிகளுக்கும் அந்த நிலத்தில் பங்கிருந்தால் அவர்களையும் கேட்டே முடிக்க வேண்டும். இதுவரை எடுத்த விளைச்சலுக்கு ஈடு கொடுக்க வேண்டுமா என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈகள் நியாய வாடகை கடமை என்பார்கள். ஹனஃபீகள் அநாதை சொத்து, வக்ஃபு போன்றவற்றில்தான் அதை விதிப்பார்கள். தத்தம் ஆலிம்களைக் கேட்டுக்கொள்க. முடிந்ததை எழுதிப் பதிவு செய்துவிட்டால், நம் பேரப்பிள்ளைகள் இதே வரப்பில் நின்று சண்டையிட மாட்டார்கள்.

வென்றவருக்கும் கடமை உண்டு. அண்டை வீட்டார் தம் சுவரில் மரம் ஊன்றுவதைத் தடுக்க வேண்டாம் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். தெரியாமல் கட்டிய சுவர் அரையடி உள்ளே வந்திருந்தால், இடித்தே தீருவேன் என்று நிற்பதைவிட விலை பெற்றுக்கொள்வது மேல்.

ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் நாம் கடன்களை அடைக்கின்றோம். உற்றார் உறவினர் வீடு சென்று மாஃப் கேட்கின்றோம். அந்தப் பட்டியலில் வரப்பையும் வேலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தவரின் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடமே மாஃப் கேட்டு ஸலாம் சொல்லிவிட்டுப் போனால், அந்த மாஃப் எதைக் குறித்தது என்று அல்லாஹ் கேட்பான். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுப்பவன் கழுத்தில் ஏழு பூமிகளும் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கையை நாம் பயானில் பலமுறை கேட்டிருக்கின்றோம். அதை நம் வரப்பில் நின்று ஒருமுறை நினைத்துப் பார்க்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.