ஆறுதலுக்குக் கஞ்சியும் வேணும்

அடிபட்டுக் கிடப்பவரிடம் 'மனசு வச்சா எந்திரிச்சிடலாம்' என்று சொல்வது சுலபம். மாதச் சம்பளமும் மருத்துவ விடுப்பும் இருப்பவருக்கு அது பொருந்தலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள் கால் ஒடிந்து படுத்தால் மறுநாளே அடுப்பு எரியாது. தேறுவதை ஒற்றை ஆளின் மனவலிமையாக மட்டும் பேசுகிற பேச்சு யாருடைய பேச்சு?

புண் ஆறுகிறது என்கிறோம். ஆறுதல் சொல்கிறோம் என்கிறோம். இரண்டும் ஒரே வேர். சேரியில் ஆறுதல் வெறுங்கையோடு வருவதில்லை. தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வருகிற கிழவி, 'குடிடீ, எம்புட்டு நாளைக்கு இப்படியே கெடப்பே, நீ இல்லாம களையெடுக்க ஆள் கொறையுதுல்ல' என்று ஏசிவிட்டுப் போவாள். கேட்டால் வசவு மாதிரி இருக்கும். உன் இடம் காலியாக இருக்கிறது, நீ வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதைச் சொல்ல அவள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அரசாங்கத்துக்கு வேறு கணக்கு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள் ஊனத்தைச் சதவீதத்தில் அளக்கின்றன. 2016 திருத்தத்தின்படி நூறு சதவீதம் முடங்கினால் நிவாரணம் 8,25,000 ரூபாய். அது நம் உரிமை, போராடி வாங்க வேண்டும். ஆனால் சாதிவெறியில் விழுகிற அடி ஒருத்தர் உடம்போடு நிற்பதில்லை. 'இவனைப் பாத்துக்கங்கடா' என்று மொத்தச் சேரிக்கும் சொல்லிவிடப்படுகிற சேதி அது. சேரி முழுக்க விழுந்த அடியிலிருந்து ஒரு ஆள் மட்டும் தனியாக எப்படித் தேறுவது?

பஞ்சாபின் மான்சா மாவட்டத்தில் பந்த் சிங் என்ற தலித் கூலித் தொழிலாளி இருந்தார். தம் மகள் மீது நடந்த பாலியல் வன்முறைக்குச் சமரசம் பேசாமல் நீதிமன்றம் போனார். 2004இல் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2006 சனவரியில் ஆதிக்க சாதியினர் அவரை வழிமறித்து அடித்து நொறுக்கினார்கள். இரண்டு கைகளையும் ஒரு காலையும் வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே அவர் பாடினார். பாடியது சந்த் ராம் உதாசியின் பாடல்களை. உதாசியும் தலித், சிறை கண்ட கவிஞர், 1986இல் இறந்தவர். பந்த் சிங்கின் மன உறுதியை எல்லோரும் புகழ்ந்தார்கள், சரிதான். ஆனால் அவருக்குப் பின்னால் விவசாயக் கூலிகளின் சங்கம் நின்றது. அவர் வாயில் இருந்த பாட்டுகூட முன்னால் போனவர் விட்டுப்போனது. சமூகம் என்பதில் செத்தவர்களும் சேர்த்திதான்.

இங்கே ஒன்றை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லோரும் பந்த் சிங்காக இருந்தாக வேண்டுமா? கூட்டத்தில் மேடையேற்றி, 'தைரியமாப் பேசும்மா' என்கிறோம். பேச முடியாமல் அழுதால் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அடிபட்டவரைக் கொடியாக்கிவிட்டால் அவர் தளர்ந்து உட்கார இடமில்லாமல் போகும். ஊக்கம் என்ற பேரில் நாம் இடுவதும் ஒரு கட்டளையாகிவிடும். அழுவதற்கும் அவளுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று. 'அவனுங்களப் பகைச்சுக்கிட்டு வாழ முடியுமா, விட்டுரு' என்பதும் நம் தெருவிலிருந்துதான் வருகிறது. பிழைப்பு அவர்கள் காட்டில் இருப்பதால் வருகிற பயம் அது. பாதிக்கப்பட்டவள் பெண்ணாக இருந்தால் நம் ஆண்களே முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு. அதற்குச் சாதி இந்துக்களை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது.

முதல் வாரம் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். வழக்கு இழுத்துக்கொண்டே போகும். மூன்றாம் வருசம் வாய்தாவுக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போக யார் இருக்கிறார்கள்? சாட்சி சொல்ல வருகிறவருக்கு அன்றைய கூலியை யார் கொடுப்பது? ஒரு சமூகம் தன் ஆட்களைத் தேற்றுகிறதா என்பதை அந்த வாய்தா நாளில்தான் பார்க்க முடியும்.