மறுமுனையில் யார்?

உங்கள் பிள்ளை எதிலாவது சுமார் என்று வையுங்கள். பாட்டோ, பரதமோ, கிரிக்கெட்டோ. மோசமில்லை, பிரமாதமும் இல்லை. வாத்தியார் உங்களைத் தனியே கூப்பிட்டு நாசூக்காகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறமும் ஃபீஸ் கட்டுவீர்களா?

நான் பி.காம். படித்தவன். 'நிறுத்து' என்று ஒரு நிமிஷத்தில் விடை வந்துவிட்டது. பையனுக்குப் பன்னிரண்டு வயசு. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போய் மீடியம் பேஸ் போடுகிறான். "நல்லா கஷ்டப்படறான் சார்" என்றார் கோச். கஷ்டப்படறான் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. ஒரு மேட்ச் கூட்டிப்போய், திரும்பி வரும்போது சொல்லிவிடலாம் என்று திட்டம்.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு. சேப்பாக்கத்தில் டி.என்.பி.எல். ஃபைனல். திண்டுக்கல்லும் கோவையும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். 2021-ல் மெட்ரோ வருவதற்கு முன்னால் என்றால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது ஒரு யாத்திரை. மனைவி எல்லோருக்கும் வீட்டிலேயே இட்லி கொடுத்துத்தான் கிளப்பினாள்.

பையன் வந்தது அஸ்வினுக்காக. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

"பெரிய பிளேயர்ஸ விட்டுட்டா, மத்தவங்கல்லாம் இந்தியாவுக்கு ஆடுவாங்களாப்பா?"

"நிறைய பேர் ஆட மாட்டாங்கடா."

"அப்போ எதுக்கு ஆடறாங்க?"

நான் சொல்ல வேண்டியதை அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். ஆனாலும் வாய் வரவில்லை. எல்லா அப்பாக்களையும் போல நடராஜன் கதைக்குத் தாவினேன். சின்னப்பம்பட்டி. 2016-ல் முதல் டி.என்.பி.எல்.லில் இதே திண்டுக்கல் அணி. அடுத்த வருஷமே ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சத்தில் ஆரம்பித்து 3 கோடி. அப்புறம் ஆஸ்திரேலியா.

சொல்லும்போதே உறுத்தியது. நடராஜன் ஓவர் போட்டு முடித்ததும் மறுமுனையிலிருந்து ஒருவர் போட்டாரே, அவர் யார்? உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

கிரிக்கெட்டில் ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஓவர் போடக் கூடாது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஆளுக்கு நான்குதான், ஆக குறைந்தது ஐந்து பேர் வேண்டும். எப்பேர்ப்பட்ட சூரனாக இருந்தாலும் ஆறு பந்து போட்டதும் பந்தை இன்னொருவனிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சட்டமே அப்படி.

எங்கள் பேட்டைக்கே பேர் வந்தது விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியால். அங்கே ஷிஃப்ட் பார்த்தவர்கள் பேர் எந்தப் பலகையிலும் இல்லை. என் அப்பா அதில் ஒருத்தர்.

சரி, மறுமுனை வேண்டும். அது என் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா? இங்கேதான் நாம் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். ஊருக்குச் சுமாரானவர்கள் தேவை என்று மேடையில் பேசுவோம். வீட்டுக்கு வந்ததும் ரேங்க் கார்டைக் கேட்போம். பலனை எதிர்பாராதே என்று கீதையைக் காட்டுவதும் எனக்கு ஒத்துவராது. மாசாமாசம் ஃபீஸ் கட்டுகிறவன் எதிர்பார்க்காமல் இருப்பானா?

அதனால் அவனையே கேட்டேன். "நீ எதுக்குடா ஆடறே?"

"ஓடி வந்து கைய சுத்தும்போது நல்லா இருக்கும்பா" என்றான். மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இந்த வரவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

திண்டுக்கல்லுக்கு இலக்கு 130. அஸ்வின் 52 அடித்தார். அந்த அணிக்கு முதல் கோப்பை. டெஸ்டில் ஐந்நூறு விக்கெட் தாண்டியவருக்கு இந்தச் சின்ன லீகில் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவும் டேலி ஆகவில்லை.

திரும்பும்போது ரயிலில் நல்ல கூட்டம். ஹைகோர்ட் ஸ்டேஷன் தாண்டியதும் பையன் என் சட்டையை இழுத்தான்.

"ஏதோ சொல்லணும்னு சொன்னியேப்பா?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அஞ்சாம் தேதி. கோச்சுக்கு ஃபீஸ் கட்டணும். காலைல ஞாபகப்படுத்து" என்றேன்.