சுத்தியல் விழுமுன்

உலக வர்த்தக அமைப்பில் வாக்கெடுப்பு நடப்பது அபூர்வம். தலைமை வகிப்பவர் தீர்மானத்தை அவைமுன் வைப்பார். எவரும் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் சுத்தியல் மேசையில் விழும், தீர்மானம் நிறைவேறிவிடும். கூட்டத்தில் இருக்கும் உறுப்பு நாடு எதுவும் முறைப்படி மறுக்காவிட்டால் ஒருமித்த கருத்து உண்டானதாகக் கொள்ள வேண்டும் என்கிறது 1994 மராக்கேஷ் ஒப்பந்தத்தின் ஓர் அடிக்குறிப்பு. நாம் பேச்சுவாக்கில் சொல்லும் ‘மௌனம் சம்மதம்’ அங்கே சட்டம். வராதவரின் காலி நாற்காலியும் சம்மதக் கணக்கில்தான் சேரும்.

இந்த விதியால் அதிகம் இழக்கக்கூடியவை சிறிய, ஏழை நாடுகள். அப்படிப்பட்ட நாடுகள் நிறைந்த ஒரு கண்டத்தின் தூதர் கையிலேயே சுத்தியல் வந்து சேர்ந்தால், அவர் யாருக்குக் கடன்பட்டவர்?

கென்யாவின் அமீனா முகமதுவின் பணி வாழ்க்கை இந்தக் கேள்வியை எழுப்புகிறது. 2000 முதல் 2006 வரை ஜெனீவாவில் தம் நாட்டின் தூதராக இருந்த அவர், 2005இல் அமைப்பின் பொதுக்குழுவுக்குத் தலைமை வகித்த முதல் பெண் ஆனார். 2015 டிசம்பரில் அமைச்சர்கள் மாநாடு முதல்முறையாக ஆப்பிரிக்க மண்ணில், நைரோபியில் கூடியபோது, கென்ய வெளியுறவு அமைச்சராக அதற்கும் தலைமை ஏற்றார்.

பேச்சைக் குலைப்பதே நேர்மை என்ற வாதத்துக்கு வலு உண்டு. 2003 செப்டம்பரில் கான்கூனில் கூடிய அமைச்சர்கள் மாநாட்டில், முதலீடு, போட்டிக் கொள்கை போன்ற புதிய விவகாரங்களை அஜெண்டாவில் திணிப்பதை ஆப்பிரிக்க நாடுகள் ஏற்கவில்லை. மாநாடு முறிந்தது. வேண்டாததற்குத் தலையாட்டாமல் எழுந்துபோகவும் தங்களால் முடியும் என்று அவை காட்டின. ஆனால் அதே மாநாட்டில்தான் பெனின், புர்கினா ஃபாசோ, மாலி, சாட் ஆகிய நான்கு நாடுகளின் பருத்தி முறையீடும் இருந்தது. பணக்கார நாடுகள் தங்கள் பருத்தி விவசாயிகளுக்குக் கொட்டிக் கொடுக்கும் மானியம் உலகச் சந்தையில் விலையைச் சரிக்கிறது என்பது அவற்றின் புகார். மாநாடு முறிந்ததில் அந்த முறையீடும் கைக்கு எட்டாமல் போயிற்று. மறுப்புக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் மறுத்த தூதர் அல்ல, வயலில் நிற்பவர்.

கிடைத்ததை வாங்கு என்ற வாதத்தையும் தள்ள முடியாது. வேளாண் ஏற்றுமதி மானியங்களை ஒழிக்க நைரோபியில் முடிவானது. சில விதிவிலக்குகள் நீங்கலாக வளர்ந்த நாடுகள் உடனேயும், வளரும் நாடுகள் பெரும்பாலும் 2018 இறுதிக்குள்ளும் அவற்றை நிறுத்த வேண்டும் என்றது அந்த முடிவு. பல ஆண்டுகள் கேட்டும் கிடைக்காதது அது. ஆனால் பருத்தி விலையை உண்மையில் அழுத்தும் உள்நாட்டு மானியத்தைக் குறைக்கும் கடப்பாடு எதுவும் பிறக்கவில்லை. பாதிக் கஞ்சி பசியைத் தணிக்கும். மீதியைக் கேட்கும் குரலையும் சேர்த்துத் தணித்துவிடும்.

தூது பற்றி வள்ளுவர் வகுத்த இலக்கணம், ஓர் அரசனுக்குக் கட்டுப்பட்ட தூதனுக்கானது. தன் உயிருக்கே இறுதி வந்தாலும் அவன் அரசனுக்கு நன்மை தேட வேண்டும். தலைமை நாற்காலியில் அமரும் தூதருக்கோ உறுப்பு நாடுகள் எல்லாமே அரசர்கள்; நைரோபி மாநாட்டின்போது 162 பேர். அங்கிருந்து தம் நாட்டுக்காக வாதாடினால் அது நம்பிக்கைத் துரோகம். அதற்காக நடுநிலை என்ற பெயரில் கண்ணை மூடிக்கொள்வதும் அறமாகாது. சில பெரிய நாடுகள் கதவடைத்துப் பேசி எழுதிய வரைவு கடைசி நேரத்தில் வந்து விழும்போது, இரண்டு மூன்று அதிகாரிகளே உள்ள தூதுக்குழு அதைப் படித்து முடித்திருக்குமா? படிக்காதவரின் மௌனத்தைச் சம்மதம் என்பது விதிப்படி சரி, அறப்படி சரியல்ல.

நைரோபிப் பிரகடனத்தில் ஒரு பத்தி கவனிக்கத்தக்கது. 2001இல் வளர்ச்சியின் பெயரால் தொடங்கிய தோஹா பேச்சின் ஆணையைப் பல உறுப்பினர்கள் மீண்டும் உறுதிசெய்கிறார்கள், மற்றவர்கள் உறுதிசெய்யவில்லை என்று அது வெளிப்படையாகவே பதிவுசெய்தது. தோஹாவை நம்பியிருந்த ஏழை நாடுகளுக்கு அது ஏமாற்றம்தான். பலர் அதை அந்தப் பேச்சின் மரண அறிவிப்பாகவே படித்தார்கள். ஆயினும் இல்லாத ஒற்றுமையை இருப்பதாக அந்தப் பத்தி காட்டவில்லை. எதிர்த்தவரின் மௌனம் அங்கே சம்மதமாகத் திரிக்கப்படவில்லை.

ஆகவே தலைமை வகிக்கும் தூதரின் கடமை தம் கண்டத்தை ஜெயிக்க வைப்பதல்ல. அதன் மௌனம் எதனால் என்று அறிந்துகொள்வது. அதற்கு அவரிடம் உள்ள கருவி சிறியது: ஓங்கிய சுத்தியலைச் சற்றே நிறுத்தி, பின்வரிசைகளையும் ஒருமுறை பார்ப்பது.