முன்னாள் என்னும் அடைமொழி

உயரமான தொழிலாளி, வயதான தொழிலாளி, கோபக்காரத் தொழிலாளி. மூன்று பேரும் தொழிலாளிகள்தாம். முன்னே வந்து நிற்கும் சொல் எதையோ கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தின் ‘ஃபார்மர்’ அப்படிப்பட்ட சொல் இல்லை. ‘ஃபார்மர் வொர்க்கர்’ என்றால் அவர் இப்போது தொழிலாளியே அல்ல. பெயரைச் சொல்லிக்கொண்டே பெயரைப் பிடுங்கிவிடுகிற அடைமொழி அது. தமிழில் ‘முன்னாள்’ என்கிறோம், மலாயில் ‘பெக்காஸ்’. மலாய்ச் சொல்லுக்குத் தடம், வடு என்ற பொருளும் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு அந்த ஞாபகமும் கிடையாது.

கட்டுமானத் துறையில் இருப்பதால் இந்தச் சொல்லை நான் அடிக்கடி பார்க்கிறேன். நீலாய், சிரம்பான் பக்கம் பல வீடமைப்புத் திட்டங்களின் மண் ஆய்வு அறிக்கையில், நிலத்தின் முந்தைய பயன்பாடு என்ற பகுதியில் ஒரு வரி வரும்: முன்னாள் ரப்பர் தோட்டம், அல்லது முன்னாள் செம்பனைத் தோட்டம். எங்களுக்கு அது தேவையான தகவல்தான். மண்ணுக்குள் பழைய வேர் கிடக்கலாம், மூடிய வடிகால் இருக்கலாம். ஆனால் அந்த வரியில் ஆட்கள் இல்லை.

ஆட்களுக்கு இந்த அடைமொழி ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. முன்னாள் அமைச்சருக்கு ‘முன்னாள்’ என்பதே ஒரு பட்டம். ஓய்வூதியம் உண்டு, டத்தோ என்ற விளிப்பு உண்டு, கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி உண்டு. முன்னாள் பால்மரத் தொழிலாளிக்கு அதே சொல் வெளியே போகும் சீட்டு. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், வேலையில் இருப்பவருக்கு வீடு எப்படி இருக்க வேண்டும் என்று பேசுகிறது. அந்த வீட்டை அவருக்குச் சொந்தமாக்குவது பற்றிப் பேசவில்லை. ஆக, வேலைக்கு முன்னால் ‘முன்னாள்’ விழுந்த அன்றே வீட்டுக்கு முன்னாலும் விழுந்துவிடுகிறது. அடுத்து கோயில், திடல், பக்கத்து வீட்டுச் சனம்.

ஈடு என்று ஒன்று இருக்கிறது. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் மரம் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம், இரண்டு வருடக் கூலிகூட இல்லை. அதுவும் தோட்டத்துச் சம்பளக் கணக்கில். குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்தது 2013இல். அதற்குள் நிறைய பேர் முன்னாள் ஆகியிருந்தார்கள்.

இந்தச் சொல் தங்கள்மேல் விழாமல் இருக்க ஒரு முயற்சியும் நடந்திருக்கிறது. தோட்டத் துண்டாடல் வேகமாக நடந்த காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. உழைத்தவனே பங்குதாரர் என்றால் அவனை யார் முன்னாள் ஆக்குவது என்பதுதான் அதன் உள்ளே இருந்த கேள்வி.

சரி, முன்னாள் ஆவது எல்லோருக்கும் இழப்புதானா? இல்லை. விடியற்காலைப் பெரட்டும், காண்டா வாளியும், மண்டோரின் ஏச்சும் தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் தோட்டத்து ஆட்களேதான். “எங்க பொழப்பு எங்களோட போகட்டும்” என்ற பேச்சை நெகிரி செம்பிலானில் எந்தத் தாமானிலும் கேட்கலாம். அந்த வேலை முடிந்ததில் எனக்கும் வருத்தமில்லை. இன்று தோட்டத்தை நினைத்து உருகி எழுதுகிற நம்மில் யாரும் ஆறு மணிக்குக் கத்தி எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை.

ஆனால் அவர்கள் முடியட்டும் என்று விரும்பியது பொழப்பைத்தான், ஊரை இல்லை. சட்டமும் அறிக்கையும் இரண்டையும் ஒரே அடைமொழியில் முடித்துவிட்டன. தவறு அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு வேலைக்கு முடிவு தேதி இருக்கலாம். முப்பது வருடம் ஒரு மண்ணில் வியர்வை சிந்தியதால் வந்த உரிமைக்கு அந்தத் தேதி எப்படிப் பொருந்தும்? மரம் போய்விட்டது, மண்ணின் விலை பல மடங்கு ஏறிவிட்டது. அந்த விலைக்குள் அவர்கள் வெட்டிய காடும் போட்ட பாதையும் இருக்கின்றன. அவற்றை யாரும் ‘முன்னாள் பாதை’ என்று கழித்துவிடவில்லை.

நம் பேச்சுத் தமிழ் இதை வேறு மாதிரி கையாள்கிறது. கல்யாண வீட்டில் இரண்டு பெரியவர்கள் சந்தித்தால் முதல் கேள்வி, “நீங்க எந்தத் தோட்டம்?” பதில், “நாங்க லாபு தோட்டம்.” வினைச்சொல்லே இல்லாத வாக்கியம், அதனால் காலமும் இல்லை. இருந்தோம் என்றும் சொல்லவில்லை, இருக்கிறோம் என்றும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வேண்டுமானால் ஏதாவது ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு மாறிய தமிழ்ப்பள்ளிகளில் பலவும் பெயரில் ‘லாடாங்’ என்பதை விடவில்லை. எந்தப் பெயர்ப்பலகையிலும் ‘பெக்காஸ் லாடாங்’ என்று இல்லை.

இதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அது ஒரு கோரிக்கை. கணக்கு இன்னும் தீரவில்லை என்று சொல்லும் வாக்கியம். அந்தப் பெரியவர்களை ‘முன்னாள் தோட்டத் தொழிலாளர்கள்’ என்று எழுதும்போது, நாமும் அந்தக் கணக்கை மூடிவிடுகிறோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.