தகடும் சீப்பும்

புணேயை அடுத்த நிக்டியில் நாங்கள் குடியிருக்கும் தெருக்கோடிக் கோயிலில், மாலை ஆரத்தி வேளையில், அர்ச்சகர் சுவிட்சைத் தட்டியதும் மின்சார மோட்டார் சுழன்று முரசையும் மணியையும் அடிக்கத் தொடங்குகிறது. நெஞ்சில்லாத யந்திரம் எழுப்பும் அந்த ஓசை வழிபாடாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கோ, நாமும் அத்தகைய யந்திரங்கள்தாமோ என்ற ஐயமே நெடுங்காலமாக மனத்தை அரித்துவந்தது.

1880-களில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் பால் லோக்மன் முதலியோர் உருவாக்கி, பின்னர் ‘பாலிஃபோன்’ என்ற பெயரிலும் பரவிய காசு போட்டுக் கேட்கும் இசைப்பெட்டியைப் பற்றி அறிந்தபோது, இந்த ஐயம் ஒரு வடிவம் பெற்றது. சித்திர வேலைப்பாடமைந்த மரப்பேழையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சுமார் 20 அங்குல விட்டமுள்ள உலோகத் தகடு நிமிர்ந்து நிற்கும். துவாரத்தில் இட்ட நாணயம் சரிந்து நெம்புகோலின்மேல் விழுந்த மாத்திரத்தில், முறுக்கேறிய வில் விடுபட்டுத் தகட்டைச் சுழற்ற, தகட்டிலுள்ள முனைகள் சிறு நட்சத்திரச் சக்கரங்களைத் தள்ள, அச்சக்கரங்கள் எஃகுச் சீப்பின் பற்களை ஒவ்வொன்றாக மீட்டும். தகட்டில் இல்லாத ஒரு ஸ்வரமும் எழாது.

கீதையின் 18-ஆம் அத்தியாயம் 61-ஆம் சுலோகத்தில், யந்திரத்தில் ஏற்றப்பட்டவைபோல் ஈசுவரன் ஜீவராசிகளைச் சுழற்றுகிறான் என்று சொல்லும் கண்ணனே, இரண்டு சுலோகங்கள் தள்ளி, ஆராய்ந்து பார்த்து இஷ்டப்படி செய்யுமாறு அர்ச்சுனனிடம் பொறுப்பை விட்டுவிடுகிறான். முன்வினைப் பயனாகிய பிராரப்தமே தகடு என்று கொண்டால், இந்த இஷ்டத்துக்கு இடம் எங்கே?

சீப்பில் என்றே நான் நம்புகிறேன். தகடு தானாக ஒலிப்பதில்லை. மீட்டப்படும் பல் எத்தன்மையதோ அத்தன்மையதே நாதம். தாழ்ந்த ஸ்தாயிப் பற்களின் அடியில் ஈயக்கட்டிகளைப் பொருத்தி, அந்தப் பாரத்தினாலேயே அவற்றின் குரலைக் கம்பீரமாக்கியிருப்பார்கள். துக்கத்தைச் சுமந்த சிலருடைய பேச்சில் இந்தக் கம்பீரத்தை நான் கேட்டிருக்கிறேன். அதனினும் நுட்பமான உறுப்பு ஒன்றுண்டு: அதிர்ந்துகொண்டிருக்கும் பல்லை மறுபடி மீட்டுவதற்கு ஒரு கணம் முன்னால், மெல்லத் தொட்டு அமைதிப்படுத்தும் தணிப்பான். அது பழுதுபட்டால், அதே தகடு, அதே பல், வருவதோ கரகரப்பு. நேற்றைய கோபத்தின் அதிர்வு அடங்குமுன் இன்றைய சொல்லை எதிர்கொள்ளும் நம் கதியும் அதுவேயன்றோ?

ஆனி மாதத்தில், தேஹுவிலிருந்து மராத்தி பக்திக் கவி துகாராமின் பல்லக்கு நிக்டி வழியாக ஆகுர்டிக்குச் செல்லும் நாளில், நெரிசலிடையே என்னருகே வந்த முதிய வாரகரி யாத்திரிகர் ஒருவரின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாளத்தின் இரு கிண்ணங்களையும் மோதி ஒலிக்கவிட்டவர், அடுத்த அடிக்கு முன்னால் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தழுத்தி, ஓசை முற்றும் அடங்கியபின் மறுபடி திறந்தார்.